மைக்கூட்டுக்கு இருபத்தொரு டிகிரி

யாருக்கு எவ்வளவு குளிர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க கனடாவின் மொன்றியலில் ஒரு குழு இருக்கிறது. நம்பாதவர்கள் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் ஏமஸ் ஹோல்கம் நினைவில்லத்துக்குப் போய்ப் பார்க்கலாம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும். மேல்மாடி எழுத்தறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மைக்கூடு இருக்கிறது. அதற்கு எப்போதும் இருபத்தொரு டிகிரி. வெளியே மைனஸ் முப்பது அடித்தாலும் இருபத்தொன்றுதான். அந்த மைக்கூட்டின் சுகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று நிர்வாகக் குழுவினர் ஒன்பது பேர் மாதம் ஒருமுறை கூடிக் கவலைப்படுகிறார்கள்.

அதே வீட்டின் பேஸ்மென்டில் காவலாளி கிருபானந்தனும் அவர் மனைவி சிவநேசமும் குடியிருந்தார்கள். அங்கே பதின்மூன்று டிகிரி.

ஹோல்கம் யார் என்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே இன்று அவரை வாசிக்கிறவர்கள் ஒரு பஸ்ஸுக்குள் அடங்கிவிடுவார்கள், பின்இருக்கைகள் காலியாகவே இருக்கும். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் தந்தைப் பாசத்தைப் பற்றி மூன்று பாகங்களில் நாவல் எழுதிய மனிதர். அந்தக் காலத்தில் அமெரிக்க எழுத்தாளனுக்குப் பிரித்தானியப் பேரரசில் புத்தக உரிமை வேண்டுமென்றால், லண்டனில் புத்தகம் வெளியாகும் நாளில் அவன் அந்தப் பேரரசின் மண்ணில் ஏதாவது ஒரு மூலையில் நிற்க வேண்டும். ஹோல்கமுக்கு அகப்பட்ட மூலை மொன்றியல். மனைவி ஹாரியட்டையும் ஒன்பது வயது மகள் லூசியையும் கூட்டிக்கொண்டு ஜனவரி மாதத்தில் வந்து இந்தக் கல்வீட்டை வாடகைக்குப் பிடித்தார். லண்டன் அச்சகம் தாமதித்தது. நாற்பத்தொரு நாள் காத்திருந்தார். முப்பத்தெட்டாம் நாள் லூசி இருமி இருமிச் செத்துப்போனாள். அவர் மிச்ச மூன்று நாளும் இருந்து, உரிமையை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். நினைவில்லத்தின் வாசலில் இதைப் பித்தளையில் பொறித்திருக்கிறார்கள்: ‘இலக்கியத்துக்காக ஒரு தந்தை செய்த தியாகம்.’ செத்தது யார் என்பது அதில் இல்லை.

கிருபானந்தன் அங்கே பதினொரு வருடம் வேலை செய்தார். பனி தள்ளுவது, படிக்கட்டுக்கு உப்புப் போடுவது, பொய்லரைப் பார்ப்பது, பூட்டுவது, திறப்பது. பேஸ்மென்ட் வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும். பிள்ளைகள் இல்லாத இரண்டு பேருக்கு அது போதுமாகத்தான் இருந்தது, சிவநேசத்தின் சுவாசப்பை இறுகத் தொடங்கும்வரை.

அந்த மார்கழியில் ஆஸ்பத்திரியால் அவரை வீட்டுக்கு விடும்போது, டாக்டர் ஒட்சிசன் மெஷினையும் ஒரு கடிதத்தையும் தந்து அனுப்பினார். அறை இருபத்திரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிர் பட்டால் அவர் தாங்கமாட்டார் என்பதுதான் கடிதம். அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேஸ்மென்டில் சிவநேசத்தின் கட்டிலுக்கு அருகிலேயே ஒரு பழைய ரேடியேட்டர் நின்றது. அதன் குழாயைத் திருகினால் பொய்லரின் சூடு வந்துவிடும். ஆனால் அதில் ஒரு ஈய முத்திரை தொங்கியது. கீழே சூடு போனால் மேலே மைக்கூட்டுக்குப் போகும் சூடு குறைகிறது என்று கண்டுபிடித்து, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் குழு அதை மூடி முத்திரையிட்டிருந்தது. மின்சார ஹீட்டர் ஒன்றை கிருபானந்தன் வாங்கி மாட்டினார். வீட்டின் பழைய வயர்கள் தாங்கவில்லை. மைக்கூட்டுப் பெட்டியின் ஈரப்பத மெஷின் எட்டு நிமிடம் நின்றுபோனது. அந்த எட்டு நிமிடத்துக்கு அவருக்கு நான்கு பக்க எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

“முத்திரையை உடைச்சு விடட்டே?” என்று ஒருநாள் குழாய் திருகும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“விசர்க் கதை கதையாதேங்கோ,” என்றார் சிவநேசம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு எடுத்துத்தான் அவரால் பேச முடிந்தது. “வேலை போனா இந்தப் பனிக்குள்ள எங்க போறது? முறையாக் கேளுங்கோ. அவையும் மனிசர்தானே.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் கிருபானந்தன் குழுவின் கூட்டத்துக்குப் போனார்.

தலைவி மதாம் ரொபிடூ மிகவும் இரக்கமுள்ள அம்மையார். டாக்டரின் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெசியே கிருபா, உங்கள் துயரம் எங்கள் துயரம். இந்த வீடே துயரத்தின் வீடு. ஆனால் நாங்கள் யார்? நாங்கள் இந்தச் சூட்டின் சொந்தக்காரர்கள் அல்ல, அதன் காவலர்கள் மட்டுமே. வருங்காலச் சந்ததி வந்து, ‘மைக்கூட்டுக்கு என்ன செய்தீர்கள்?’ என்று எங்களைக் கேட்கும். உங்கள் மனைவியைப் பற்றி அவர்கள் கேட்க மாட்டார்கள். அதுதான் வரலாற்றின் கொடுமை.”

குழுவினர் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். கிருபானந்தனும் நின்றார். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு, விண்ணப்பப் படிவம் பதினான்கை நிரப்பித் தரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் பிரவின்குமார். கோயம்புத்தூர்ப் பையன், இங்கே படிப்பை முடித்து நினைவில்லத்தில் ‘பன்மைத்துவ அலுவலர்’ ஆக இருந்தான். வேலை அனுமதிப் பத்திரம் அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ஆகவே அவன் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை.

“இதுல ‘சூடு தேவைப்படும் பொருள்’னு ஒரு கட்டம் இருக்குங்கண்ணா. தாள், மரம், தோல், துணி, உலோகம். அஞ்சுல ஒண்ணை டிக் பண்ணணும்.”

“மனிசர் எண்டு இல்லையே தம்பி?”

“இல்லைங்கண்ணா. தோல்ல டிக் பண்ணிடுங்க. அதான் கொஞ்சம் பக்கத்துல வரும்.”

கிருபானந்தன் தோலில் அடையாளம் போட்டார். பொருளின் பெயர் என்ற இடத்தில் ‘சிவநேசம் கிருபானந்தன், மனைவி’ என்று எழுதினார். இரண்டு கிழமையில் பராமரிப்பு நிபுணர் மைக்கல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். சிவநேசத்தின் கட்டிலருகே ஒரு கருவியைப் பிடித்து ஈரப்பதம் பார்த்தார். சிவநேசம் பிறந்த ஆண்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போகும்போது மிகவும் பணிவாக, “நல்ல நிலையில்தான் இருக்கிறது,” என்றார். ஒரு மாதத்துக்குள் தீர்ப்பு வந்தது: மேற்படி பொருள் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது, ஹோல்கமின் காலத்ததல்ல, ஆகவே சேகரிப்பில் அடங்காது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

இந்த இடத்தில் கிருபானந்தனின் இன்னொரு தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொன்றியலில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதிலும் ஒரு சாவு விழுந்தால், கோயில் ஐயருக்கு அடுத்து அவருக்குத்தான் போன் வரும். மரண அறிவித்தல் எழுதுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், யாரின் மகள், யாரின் துணைவி, யாரின் மாமி, யாரின் சகலி, இதில் யார் யார் காலஞ்சென்றவர் என்று ஒரு உறவும் விடுபடாமல் எழுதிவிடுவார். ஒரு பெறாமகனின் பெயர் விட்டுப்போனாலும் முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் குடும்பத்துக்குள் சண்டை நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஜனவரி முடிவில் பிரவின்குமார் ஒரு வேலையோடு வந்தான். நினைவில்லம் எட்டு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்கப்போகிறது, தமிழும் அதிலே ஒன்று, ஹோல்கம் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கிருபானந்தன் சரி என்றார். அவருக்கு ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப எனக்கு விபரம் வேணும் தம்பி. அந்தப் பிள்ளை லூசி எந்த இடத்தில செத்தது? ஆர் பக்கத்தில நிண்டது?”

“அதெல்லாம் யாருக்கும் தெரியாதுங்கண்ணா. மாடின்னு சொல்லுவாங்க.”

“தெரியாமல் என்னண்டு எழுதுறது?”

ஹோல்கமைப் பற்றி அந்தக் குழுவினர் நான்கு புத்தகம் எழுதியிருந்தார்கள். ஆனால் ஹாரியட் தன் சகோதரிக்கு எழுதிய கடிதங்கள் கட்டவிழ்க்கப்படாமலே ஒரு பெட்டியில் கிடந்தன. அவள் கையெழுத்து மோசம், அவள் நாவலாசிரியரும் அல்ல. செத்தவர்களின் பழைய கடிதங்களையும் டயரிகளையும் வாசித்து வாசித்துப் பழகிய கிருபானந்தனுக்கு எந்தக் கையெழுத்தும் ஒரு பொருட்டல்ல. ஒரு பின்னேரம் முழுக்க பிரவின்குமாரும் அவருமாக இருந்து வாசித்தார்கள்.

லூசியின் இருமல் எழுத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவளுடைய கட்டிலைக் கீழே பேஸ்மென்டுக்கு இறக்கிவிட்டார்கள், சிறிய ஜன்னலுக்கு அடியில். வீட்டில் அடுப்பு எரிந்தது எழுத்தறையில் மட்டும்தான். அங்கே ஒரு மூலையில் பிள்ளையைப் படுக்க வைக்கட்டுமா என்று ஹாரியட் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். கதவைத் திறந்து திறந்து மூடினால் மை உறைந்துவிடும் என்று ஹோல்கம் சொல்லிவிட்டார்.

கிருபானந்தன் கீழே போய் சிவநேசத்திடம் இதைச் சொன்னார். சிவநேசம் தன் தலைக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தார்.

“இதே இடத்திலயோ?”

“ஓம். நீர் படுத்திருக்கிற இடம்தான்.”

“எத்தினை வயசு எண்டனீங்கள்?”

“ஒன்பது.”

சிவநேசம் கொஞ்ச நேரம் மூச்செடுத்தார். “தாய் கேட்டவதானே?”

“மூண்டு தரம் கேட்டிருக்கிறா.”

“நீங்களும் கேட்டனீங்கள்தானே,” என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிவநேசத்தின் விரல்கள் ஐஸாக இருந்தன. கிருபானந்தனுக்கு அழுகை வந்தது; மெஷினைப் பார்க்கிற சாட்டில் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து சிவநேசம் அந்தப் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கினார். போர்வையை ஒதுக்கி இடம் விட்டுப் படுப்பார். “தனியத்தானே கிடந்தது, பாவம்,” என்பார்.

கிருபானந்தன் எழுதிக் கொடுத்தார்: ‘அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் மொன்றியலைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட செல்வி லூசி ஹோல்கம், மேல்மாடியில் நெருப்பு இருக்கப் பேஸ்மென்டில் குளிரினால் காலமானார். அன்னார் ஏமஸ் – ஹாரியட் தம்பதியினரின் ஒரே மகளாவார். தகவல்: வீட்டார்.’ தொடர்புக்குத் தன் போன் நம்பரையும் போட்டார். போடாமல் அறிவித்தல் முடியாது. பலகைக்கு இது பொருந்துமா என்று அவர் யோசிக்கவே இல்லை. இதை வாசித்தால் அந்த அறையில் ஒருத்தி குளிரில் கிடப்பது அவர்களின் மனதைச் சுடும் என்று மட்டும் நினைத்தார்.

குழு அதைப் பிரெஞ்சுக்கு மாற்றி வாசித்தது. மதாம் ரொபிடூ நேரே பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. வாசலில் நின்று கண்ணை மூடிக் காற்றை உள்ளே இழுத்தார். அவர் கண்ணில் உண்மையான கண்ணீர் இருந்தது.

“இதே குளிர்,” என்றார். “நாங்கள் ஒரு மைக்கூட்டை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டோம். காலடியில் அந்தக் காலத்தின் அசல் குளிர் இருந்திருக்கிறது.”

அடுத்த கூட்டத்தில் அந்த அறையின் குளிர் ஏகமனதாகச் சேகரிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஒரு இலக்கமும் கிடைத்தது. மைக்கல் பழைய வானிலைப் பதிவுகளைத் தோண்டி, லூசி செத்த அன்று அறையில் பதினொரு டிகிரி இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். இப்போது பதின்மூன்று. மீதி இரண்டு டிகிரியும் பிற்காலச் சேர்க்கை: குடியிருப்பவர்களின் உடல் சூடும் சமையலும். உடலை ஒன்றும் செய்வதற்கில்லை என்று குழு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. சமையலை மட்டும் லூசியின் நினைவு மாதமான பெப்ரவரி முடியும்வரை நிறுத்தச் சொன்னார்கள். கிருபானந்தன் பக்கத்துத் தெரு அன்டன் வீட்டில் கஞ்சி காய்ச்சி, சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஊற்றி, பனிக்குள்ளால் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெப்ரவரியில், லூசி செத்த அந்த முப்பத்தெட்டாம் நாளின் நினைவஞ்சலி பேஸ்மென்டிலேயே நடந்தது. சிவநேசத்தை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தபோது, கட்டிலைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை கட்டுவதென்று முடிவாயிற்று. நாற்பது விருந்தினர் கனத்த கோட்டுகளோடு வந்து நின்றார்கள். கையில் பற்றரி மெழுகுவர்த்தி. உண்மையான நெருப்புக்கு அனுமதி இல்லை. மேலே எழுத்தறையில் அவர்களுக்கு வெங்காய சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

மதாம் ரொபிடூ பேசினார். “நண்பர்களே, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கே ஓர் உயிர் நடுங்கிக்கொண்டு கிடந்தது. மேலே சூடு இருந்தது. ஒரு கதவைத் திறந்தால் போதும். யாரும் திறக்கவில்லை. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. மிக உயர்ந்த ஒரு பொருளைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது. அவர்களைப் புரிந்துகொள்ள உலகத்தில் எங்களைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?”

திரைக்குப் பின்னால் சிவநேசம் இருமினார். அடக்கிப் பார்த்தும் முடியாமல் வந்த நீண்ட இருமல். கூட்டத்தில் ஒரு பெண்மணி விம்மி அழுதார். மதாம் ரொபிடூ நெஞ்சில் கை வைத்துப் பிரவின்குமாரைத் திரும்பிப் பார்த்து, “ஒலி அமைப்பு அற்புதம். கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்,” என்றார். பிரவின்குமார் தலையாட்டினான்.

எல்லாரும் சூப் குடிக்க மேலே போன பிறகு கிருபானந்தன் சாவியை எடுத்து ஈய முத்திரையை உடைத்தார். இந்த முறை சிவநேசம் தடுக்கவில்லை. குழாய் முனகித் திரும்பியது. கால்மணி நேரத்தில் ரேடியேட்டர் வெதுவெதுக்கத் தொடங்கியது.

“சூடு வருது,” என்று சிவநேசம் அதில் உள்ளங்கையை வைத்தார். “இஞ்சால தள்ளிப் படு பிள்ளை,” என்று பக்கத்தில் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் அந்தச் சூடு இருந்தது. மைக்கூடு பத்தொன்பது டிகிரிக்கு இறங்கியதும் மேலே மணி அடித்தது. மைக்கல் கருவிப் பெட்டியோடு ஓடி வந்தார். குறுக்கே போய் நின்ற கிருபானந்தனிடம், போலீசைக் கூப்பிடத் தனக்கு விருப்பமில்லை என்று மெதுவாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குழாயை மூடினார், அன்றைய தேதியோடு புது முத்திரை போட்டார். அவர் ரேடியேட்டரைத் திருத்த வந்தவர் என்று நினைத்து சிவநேசம், “மெர்சி மெசியே,” என்று நன்றி சொன்னார்.

நாலாம் நாள் மத்தியானம், அன்டன் வீட்டுக் கஞ்சியோடு கிருபானந்தன் படியிறங்கி வந்தபோது, மெஷின் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. சிவநேசம் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தார். பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

அறிவித்தலை கிருபானந்தனே எழுதினார். ‘யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி சிவநேசம் கிருபானந்தன் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான நாகமுத்து – செல்லம்மா தம்பதியினரின் அன்பு மகளும், கிருபானந்தனின் ஆருயிர்த் துணைவியும், காலஞ்சென்ற லூசி ஹோல்கமின் பாசமிகு பெரியம்மாவும் ஆவார்.’

பத்தாம் நாள் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. முதல் பந்தியில் ஆழ்ந்த அனுதாபமும், முத்திரையை உடைத்ததற்கு மன்னிப்பும். இரண்டாம் பந்தியில், ஹோல்கம் குடும்ப வழியில் முன்னனுமதி இன்றி ஒருவரைச் சேர்த்திருப்பதைச் சுட்டிக்காட்டி, திருத்தம் வெளியிடும்படி கேட்டிருந்தார்கள். கிருபானந்தன் அதற்குப் பதில் எழுதவில்லை.

நினைவஞ்சலி பிரபலமாகிவிட்டது. பேஸ்மென்டைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அத்தனை பேரின் மூச்சும் குளிர்ச்சுவரில் பட்டு நீராகி, பழைய சுவர்த்தாள் உரியத் தொடங்கியது. மைக்கல் பதறிப்போனார். படிவம் பதினான்கைக் கிருபானந்தனிடமே கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். சூடு தேவைப்படும் பொருள்: தாள். மறுநாளே அனுமதி வந்தது. புதிய பொய்லர் ஒன்று பொருத்தி, முத்திரையை வெட்டி எறிந்து, குழாயைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கட்டில், சிவநேசத்தின் போர்வையோடு, அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. கிருபானந்தன் அன்டன் வீட்டுக்குக் குடிபோனார். காவல் வேலை மட்டும் இருந்தது.

காலையும் மாலையும் அறையின் சூட்டை ஒரு கொப்பியில் பதிவது அவருடைய புது வேலை. தேதி, டிகிரி, குறிப்பு என்று மூன்று கட்டங்கள். எந்த மொழியிலும் எழுதலாம். நினைவில்லம் பன்மைத்துவத்தை மதிக்கிறது. முதல் நாள் அவர் எழுதினார்: ‘இருபத்தொன்று. நல்ல சூடு. அவ இல்லை.’ இரண்டாம் நாள்: ‘இருபத்தொன்று. நல்ல சூடு. அவ இல்லை.’ ஒவ்வொரு நாளும் அதையேதான் எழுதினார்.

வெள்ளிக்கிழமைதோறும் பிரவின்குமார் அந்தக் கொப்பியைப் பார்க்க வருவான். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு வரியாக வாசிப்பான். வாசித்து முடித்ததும் பேனாவை எடுத்து, கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பான்.